எட்டு எம்பியில் ஒரு கல்யாணம்

வீட்டில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், அந்த வட்டாரத்தில் கெட்டுப்போன சாமான் எல்லாம் அவள் தலையில்தான். கண்டி மஹய்யாவயில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டு ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னிடம் வரும். கோயில் மைக் செட் கீச்சிட்டால் என்னிடம் வரும். ஒருமுறை தையல் மெஷின்கூட வந்தது. நான் படித்தது இதுவல்ல என்று சொன்னால், "அப்ப என்னாத்தத்தான்டி படிச்ச?" என்று அம்மா எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். கண்டியில் ஒரு சின்னக் கம்பனியில், மலைச்சரிவுகளில் வைக்கிற மழை அளக்கும் பெட்டிகளுக்கு நான் மென்பொருள் எழுதுகிறேன். பெட்டி சின்னது. அதற்குள் இருக்கும் நினைவகம் அதைவிடச் சின்னது, உங்கள் ஃபோனில் ஒரு பாட்டு பிடிக்கும் இடம்கூட அதில் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் பெய்த மழையும் பெய்யாத மழையும் அதற்குள் பதிவாக வேண்டும். ஆகவே பெட்டிக்கு ஒரு புத்தி சொல்லிக் கொடுத்தேன். முன்னால் அளந்ததும் இப்போது அளந்ததும் ஒரே மாதிரி இருந்தால் திரும்ப எழுதாதே. ஒன்றை வைத்துக்கொள், மிச்சத்தை எறி. புதிதாக ஏதாவது நடந்தால் மட்டும் எழுது. இதை வைத்துத்தான் கம்பனியில் பதவி உயர்வு வாங்கினேன். இதை வைத்துத்தான் குடும்பத்தின் மானத்தையும் வாங்கப் பார்த்தேன்.

அண்ணன் கணேஸுக்குக் கல்யாணம் முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. வந்த பரிசுகளுக்குள் ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம் இருந்தது. மேசையில் நிறுத்தினால் படங்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி வருமே, அதுதான். வேறு யாராவது கொடுத்திருந்தால் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே ஏறியிருக்கும். கொடுத்தது பாப்பம்மா அத்தை.

பாப்பம்மா அத்தை என் அப்பாவின் ஒரே அக்கா. மடுல்கெல்லயில் இருக்கிறாள். தாயில்லாத வீட்டில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அப்பாவோடு அவள் பேசுவதை நிறுத்தியது நான் பெரியவளான சடங்கோடு. அன்று அத்தைதான் சீர்த்தட்டு ஏந்தி முன்னால் வந்தாள், பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, எல்லாம் அமர்க்களம். பிறகு வீடியோ வந்தது. அத்தை வந்து உட்கார்ந்து மூன்று மணிநேர வீடியோவையும் முழுசாகப் பார்த்தாள். அதில் அவளுடைய கொண்டை மட்டும்தான் இருந்தது. முகம் ஓரிடத்திலும் இல்லை. "என் மூஞ்சி எங்கடா?" என்று கேட்டாள். அப்பா அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கொண்ட நல்லா விழுந்திருக்கேக்கா" என்றார்.

அதோடு சரி. நல்லது கெட்டதுக்கு வருவாள், ஆனால் அப்பாவிடம் நேரே ஒரு சொல் பேச மாட்டாள். பக்கத்தில் நிற்கும் ஆளிடம், "ஒங்க அப்பாகிட்ட சொல்லு, கறியில உப்பு இல்லன்னு" என்பாள். அப்பா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நானும் வெட்கமில்லாமல், "அப்பா, உப்பு இல்லயாம்" என்று சொல்லுவேன்.

அப்படிப்பட்ட அத்தை அம்மாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தாள். "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வர்றேன். நான் குடுத்த பொட்டியில கல்யாணப் படம் ஓடணும். எல்லாப் படமும் ஓடணும். நான் பாக்கணும்."

அப்பா அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. திரைச்சீலை கழுவினார். கதிரைக்கெல்லாம் புது உறை போட்டார். கடைசியில் என்னிடம் வந்து மெதுவாக, "கிருஷா, அந்தப் பொட்டியில மட்டும் கோட்ட விட்றாதம்மா. அக்கா எங்கூட ஒரு வார்த்த பேசிட்டா போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்பா அழுதால் தாங்காது. கோபம்தான் வரும். "நான் பாத்துக்கிறேன், போங்க!" என்று கத்தி அனுப்பினேன்.

பிரேமை எடுத்துப் பார்த்தேன். அட்டைப் பெட்டியில் எட்டு ஜிபி என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. லெப்டொப்பில் மாட்டினேன். எட்டு எம்பி. சொன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சரி, மெமரி கார்ட் போடலாம் என்று பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. எங்கோ ஒருத்தன் மெனக்கெட்டு உட்கார்ந்து சும்மா ஒரு ஓட்டை போட்டு விற்றிருக்கிறான். அப்போது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

போட்டோக்காரர் தந்த படங்கள் நானூறுக்கு மேலே. ஒரு படம் கிட்டத்தட்ட ஏழு எம்பி. அப்படியே ஏற்றினால் பிரேமுக்குள் ஒரு படம் போகும். ஒன்றே ஒன்று.

அதிலும் பிரேமோடு கூடவே வந்த படம் ஒன்று உள்ளே கிடந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டுக் குழந்தை, வாயெல்லாம் சிரிப்பு. அதை முதலில் தூக்குவோம் என்று போனால் அம்மா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"அடியே, புதுசா கல்யாணம் கட்டுன வீட்டுல புள்ளப் படத்த அழிக்கிறியே! வெளங்குமா?"

"அம்மா, இது எவன் பெத்த புள்ளயோ!"

"எவன் பெத்தா என்னா? இருக்கட்டும்."

இருந்தது. மஞ்சள் தொப்பி பிடித்ததுபோக மிச்ச இடத்தில் நானூறு படம்.

அண்ணன் எட்டிப் பார்த்து, "முக்கியமான படத்த மட்டும் போடேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்ல அவனுக்கென்ன! எங்கள் கல்யாணங்களை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். தாலி கட்டி முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாக மேடைக்குக் கூப்பிட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். கூப்பிடாமல் ஏறக்கூடாது. கூப்பிடாமல் ஏறுகிறவர்களைச் சோத்துக்கு வந்தவர்கள் என்பார்கள். மானமுள்ள உறவுக்காரர், கல்யாண வீட்டு ஆள் வந்து வாய் நிறையக் கூப்பிடும்வரை கதிரையை விட்டு அசைய மாட்டார். ஆகவே மேடைப் படம் என்பது வெறும் படமில்லை. அதில் ஒன்றை எடுத்தால் ஒரு குடும்பம் போச்சு.

முதலில் எல்லாப் படத்தையும் ஒரேயடியாக நெருக்கிச் சுருக்கினேன். நானூறும் உள்ளே போய்விட்டன. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு பிரேமை அம்மாவிடம் நீட்டினேன். ஆட்கள் எல்லாம் சதுரம் சதுரமாக, பாத்ரூம் டைல்ஸ் மாதிரித் தெரிந்தார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். "எங்க தம்பி மூக்கு எங்கடி?"

"சின்னதாக்கினா அப்பிடித்தான்மா. தூரத்துல இருந்து பாருங்க."

"தூரத்துல இருந்து பாத்தா எங்க தம்பியே இல்ல!"

அப்பா குசினியிலிருந்து, "அவன் மூக்கு இல்லாம இப்பத்தான் பாக்க நல்லா இருக்கான்" என்றார். பிறகு அந்த வீட்டில் கொஞ்ச நேரம் வேறு பேச்சு நடந்தது. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

மூக்கும் வேண்டும், எட்டு எம்பிக்குள்ளும் போக வேண்டும். அப்போதுதான் என் மழைப் பெட்டி ஞாபகம் வந்தது. போட்டோக்காரர் ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுப்பவர்தானே? குத்துவிளக்கு ஏற்றுவது பத்து, மாலை மாற்றுவது பத்து. ஒரே மாதிரி வந்தால் ஒன்றை வைத்துக்கொள், மிச்சத்தை எறி. சும்மா ஒன்றையல்ல, ஒவ்வொரு கூட்டத்திலும் முகம் நல்லாச் சிரித்த படமாகப் பார்த்து வைத்துக்கொள். கம்பனியில் எழுதியதையே கொஞ்சம் மாற்றி ஓடவிட்டேன். ஓடி முடிந்தது. படங்கள் முப்பதுக்குள் வந்துவிட்டன. முப்பதுக்கு லேசாகச் சுருக்கினாலே போதும், ஒவ்வொன்றும் பளிச்சென்று, மூக்கும் முழியுமாக. மிச்ச இடம்கூட இருந்தது.

முதல் ஐந்தாறு படங்களைப் பார்த்தேன். பிள்ளையார், நிறைகுடம், விளக்கு, மாலை, தாலி. அப்பப்பா, என்ன அழகு! ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுத்த போட்டோக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டே லெப்டொப்பை மூடிவிட்டேன். மிச்சத்தைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, நான் எழுதியதாச்சே!

ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லயிலிருந்து அத்தை வேனில் வந்து இறங்கினாள். ஊதாச் சேலை, கக்கத்தில் இறுக்கிய கைப்பை. வேன் ஓட்டி வந்தவர் ஷப்ராஸ், மடுல்கெல்லக் கடைவீதி ஆள். அத்தை எங்கே போனாலும் அவருடைய வேன்தான், கல்யாணத்துக்கும் அதில்தான் வந்திருந்தாள். அவரையும் சாப்பிடச் சொல்லி உள்ளே கூப்பிட்டோம். அவருக்காகவே அப்பா கோழியை ஹலால் கடையில் வாங்கியிருந்தார்.

"வாங்கக்கா" என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்து, "வந்துட்டேன்னு சொல்லு" என்றாள்.

"அப்பா, வந்துட்டாங்களாம்."

அத்தை சாப்பிட உட்காரவில்லை. முதலில் படம் என்றாள். நேரே போய் பிரேமுக்கு முன்னால் சோபா செட்டியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். படம் பார்க்க யாராவது தலைப்பைச் செருகுவார்களா? அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஷப்ராஸ் மாத்திரம் பசியோடு மேசையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்.

பிரேமைப் போட்டேன். முதலில் மஞ்சள் தொப்பி வந்தது.

"இது யாரு புள்ள?"

அம்மா, "அது பொட்டியோடயே வந்திருச்சு மதினி" என்றாள்.

பிள்ளையார் வந்தார். விளக்கு வந்தது. தாலி வந்தது, மிச்சச் சம்பிரதாயம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடைப் படம் வந்தது. பொண்ணு ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை எங்கேயோ நீட்டிக்கொண்டு, ஷப்ராஸ்.

மேசையில் அப்பளம் நொறுங்கும் சத்தம் சட்டென்று நின்றது.

அடுத்த படம் கேக் வெட்டுவது. அடுத்தது மோதிரம். அதற்கடுத்தது பொண்ணு மாப்பிள்ளை காரில் ஏறுவது. பிறகு திரும்பவும் மஞ்சள் தொப்பி. முடிந்தது, கல்யாணம் அவ்வளவுதான். மேடையில் ஏறிய அத்தனை குடும்பமும் போய், ஷப்ராஸ் ஒருவர் மட்டும் மிச்சம்.

எனக்கு என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே விளங்கியது. மேடைப் படங்கள் எல்லாம் ஒரே மேடை, ஒரே பொண்ணு, ஒரே மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்கும் ஆட்கள். என் மென்பொருளுக்கு அது நூறு குடும்பம் இல்லை. ஒரே மழை. ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டது. முறைத்துக்கொண்டு நின்ற எங்கள் சனத்துக்குள் வாயைத் திறந்திருந்தவர் ஷப்ராஸ் ஒருவர்தான். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது, பாழாய்ப்போனது.

"கரண்ட் கொஞ்சம் கூடக்கொறய இருக்கு, ஒரு நிமிசம் அத்த" என்று உளறிவிட்டு அறைக்குள் ஓடினேன். அத்தையின் மேடைப் படத்தையாவது தேடி எடுத்து உள்ளே ஏற்றிவிடலாம். மூலப் படங்கள் எல்லாம் லெப்டொப்பில் இருக்கின்றனவே. அம்மாவும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

மேடைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மாமா வந்தார், மூக்கோடு. சம்பந்தி வீட்டார் நாலு படத்தில் வந்தார்கள். அண்ணனோடு வேலை செய்பவர்கள், கோயில் தலைவர், பக்கத்து வீடு, எதிர் வீடு. அத்தை எங்கும் இல்லை. திரும்ப முதலிலிருந்து தள்ளினேன். இல்லை.

"அம்மா, அத்தய மேடைக்கு நீங்க கூப்பிடலயா?"

"நீ கூப்பிடலயா? நான் ஒங்கப்பா கூப்பிட்டிருப்பாருன்னு நெனச்சேன்டி."

"நான் நீங்கன்னு நெனச்சேன்!"

அம்மா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அண்ணன் கல்யாணத்தில் ஊர் முழுக்க மேடை ஏறியிருக்கிறது, வேன்காரர் உட்பட. அப்பாவின் ஒரே அக்கா ஏறவில்லை. அது அத்தைக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லாப் படமும் ஓடணும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாளா? தலைப்பைச் செருகியது ஏன் என்று இப்போது புரிந்தது. என்னைவிட அப்பாதான் பாவம். வெளியே அவர் இன்னும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எப்படியும் திட்டு வாங்கத்தானே வேண்டும், வாங்கிவிடுவோம் என்று வெளியே வந்தேன். பிரேமில் மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிருஷா."

"என்னாங்கத்த."

"சம்பந்தி வீட்டாளுக படம் எங்க?"

"இல்லத்த."

"ஒங்கம்மாவோட தம்பி?"

"அவரும் இல்ல."

"அவரே இல்லயா?" அத்தையின் குரலில் ஏதோ ஒன்று இளகியது. "கோயில் தலைவரு?"

"இல்ல."

"நீ?"

"நானும் இல்ல. அப்பா அம்மாவும் இல்ல. நான்தான் சுருக்கப்போயி எல்லாரையும் அழிச்சுட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை.

அத்தை இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டாள்.

"நான் சண்ட புடிக்கத்தான்டி வந்தேன்" என்றாள். "ராவெல்லாம் யோசிச்சு, என்னென்ன கேக்கணும்னு மனசுல வச்சிக்கிட்டு வந்தேன். ஊரே படத்துல நிக்கும், நான் மட்டும் இருக்க மாட்டேன், அப்ப எழும்பி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கலாம்னு. இப்ப பாத்தா ஒருத்தருமில்ல. யாரப் பாத்து நான் கேக்குறது? இந்த மஞ்சத் தொப்பிப் புள்ளயவா?"

அத்தை மெல்லத் தலையைத் திருப்பி மேசைப் பக்கம் பார்த்தாள்.

"ஷப்ராஸ் தம்பி."

ஷப்ராஸ் எழும்பி நின்றார். கையில் சோறு.

"ஹோலுக்குள்ள போயி, நான் வந்திருக்கேன், பக்கத்து வாசல் கிட்ட உக்காந்திருக்கேன், மேடைக்குக் கூப்பிடச் சொல்லுன்னு ஒங்களத்தானே அனுப்புனேன். திரும்பி வந்து சொல்லிட்டேன்னீங்களே. நீங்க ஏன் மேடையில நிக்கிறீங்க?"

"அல்லாவே, உம்மா, நான் சென்னதுதான்!" என்றார் ஷப்ராஸ். "மேடைக்குக் கிட்ட போய் இவங்கள்ட சொல்லத்தான் போன. அந்த போட்டோக்கார மனிசன் உட்டாத்தானே! 'வாங்க, வாங்க, ஏறுங்க, லேட்டாகுது' ன்டு புடிச்சி இழுத்து நடுவுல வெச்சிட்டான். நான் அந்தா, அந்த வாசல்ல உம்மா ஈக்கிறாங்க ன்டு கைய நீட்டிச் சொல்லிட்டுத்தான் ஈந்த. அதுக்குள்ள டக் ன்டு எடுத்திட்டான்."

எல்லோரும் பிரேமைத் திரும்பிப் பார்த்தோம். சரியாக அந்தப் படம் வந்தது. வாய் திறந்திருந்தது. கை வாசல் பக்கம் நீண்டிருந்தது.

"பொறகு?" என்றாள் அத்தை.

ஷப்ராஸ் அப்பாவைப் பார்த்தார். சொல்வதா விடுவதா என்று தயங்கினார். "பொறகு கீழ எறங்கி இந்த நானாட்ட, உம்மாட தம்பிட்ட, சொல்லப் போன. நான் வாயத் தொறந்த ஒடனே, மொகத்தயும் பாக்காம, 'பொண்ணு வீட்டாளா? சாப்பிடாம பேசக் கூடாது' ன்டு வாய்க்குள்ள வடய வெச்சிட்டாங்க. வடயோடதான் சென்னேன். தலயத் தலய ஆட்டினாங்க. வெளங்கிட்டு ன்டு நினைச்சிட்டு நான் பந்தியில உக்காந்த."

அப்பாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. வந்தவர் வாயில் எதையாவது திணிக்காவிட்டால் அவருக்குக் கல்யாணம் நடத்திய மாதிரி இருக்காது.

"டேய் லெச்சுமா!"

வீடே திடுக்கிட்டது. அத்தை எழும்பி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே அப்பாவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"எனக்கு வந்த சேதிய வடயப் போட்டு அடச்சியாடா, எரும! வாசல்ல நான் எத்தன நேரம் குந்திக்கிட்டு இருந்தேன் தெரியுமாடா? ஐஸ்கிரீம் குடுக்குறவன் மூணு கோப்ப கொண்டாந்து வச்சிட்டான். கூப்பிடுவ கூப்பிடுவன்னு பாத்துப் பாத்து மூணையும் தின்னேன்டா!"

அப்பா அழுதார், சிரித்தார், இரண்டும் ஒன்றாக வந்தது. "தெரியாதுக்கா. சத்தியமா தெரியாதுக்கா. திட்டுங்கக்கா" என்றார்.

"திட்டத்தானே போறேன்!" என்று அத்தை தொடங்கினாள். சடங்கு வீடியோ, கொண்டை எல்லாம் வந்தது. ஒன்றையும் விடவில்லை. ஒரு சொல்லைக்கூட என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை, எல்லாம் நேரே போனது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்கக்கா" போட்டார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கி அத்தை திரும்ப உட்காரப் போனபோது அப்பா சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தார். அதை மைக் மாதிரி வாய்க்குக் கிட்டப் பிடித்தார். அண்ணனையும் அண்ணியையும் செட்டிக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"மாப்பிள்ளையின் அத்தை, மடுல்கெல்ல பாப்பம்மா அவர்களை, மணமக்களோடு படம் எடுக்க அன்போடு மேடைக்கு அழைக்கிறோம்!"

அத்தை அசையவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "சம்பந்தி வீட்டாள ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

அப்பா இரண்டாம் தரமும் கூப்பிட்டார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அத்தை எழும்பி, தலைமுடியை ஒதுக்கி, நடந்து போய் நடுவில் நின்றாள். கொண்டை தெரியாமல் முகம் நேரே தெரிய நின்றாள். பக்கத்தில் அப்பா, கரண்டியோடு. கையைக் கழுவிக்கொண்டு வந்த ஷப்ராஸிடம் என் ஃபோனைக் கொடுத்து எடுக்கச் சொன்னோம். "இப்ப நீங்க நடுவுல வராதீங்க" என்றாள் அத்தை.

படத்தைப் பிரேமில் ஏற்றினேன். இடமில்லை என்று எழுத்து வந்தது. ஃபோனில் எடுத்த படம் ஏழு எம்பிக்கு மேலே.

"கொஞ்சம் சின்னதாக்கணும் அத்த" என்றேன்.

"சின்னதாக்கினா?"

அம்மா முந்திக்கொண்டாள். "மூக்கு போயிரும் மதினி."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மிச்ச எல்லாத்தையும் எடு."

"தாலி கட்டுற படம் இருக்கே அத்த?"

"அதான் கட்டியாச்சே, அவ கழுத்துல இருக்கே! எடுடி."

எடுத்தேன். பிள்ளையார் படத்தை மட்டும் எடுக்குமுன் எல்லோரும் ஒருமுறை கும்பிட்டோம். ஷப்ராஸ் படத்தையும் எடுத்தேன், அதைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி அவர் வாங்கிக்கொண்டார். மஞ்சள் தொப்பியில் கை வைத்தபோது அம்மாவும் அத்தையும் ஒரே குரலில், "புள்ளயத் தொடாத!" என்றார்கள். கணக்குப் பார்த்தேன். பிள்ளையோடு சேர்த்து எட்டு எம்பிக்குள் மட்டுமட்டாக நின்றது. பைட்டை எண்ணி எண்ணி மிச்சம் பிடிக்கிற என் தொழிலில், நான் ஒரு துளிகூடச் சுருக்காமல் ஏற்றிய படம் அது ஒன்றுதான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஷப்ராஸ் வேனுக்குள் தூங்கினார். அத்தையும் அப்பாவும் மட்டும் செட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேமைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருப்பது இரண்டே படம். அத்தை வருவாள், போவாள். மஞ்சள் தொப்பி வரும், போகும். நான் ஏச்சு வாங்கப் போகிற நாட்களை எண்ணிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அடுத்த கிழமை மாமா வருகிறார், படம் பார்க்க.

மஞ்சள் தொப்பி வந்து நின்றது.

"அடுத்தது என்னாடா வரும், லெச்சுமா?" என்றாள் அத்தை.

"நீங்கதான்க்கா வருவீங்க" என்றார் அப்பா.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அத்தை வந்தாள்.